எட்டு நாள் பொய்க்கட்டு

"இருபது டன்னு நூல் லோடை இங்கயிருந்து வடக்க பீவண்டி வரைக்கும் ஒரு கயிறு அவுராமக் கொண்டுபோய் இறக்குறவன் நானு. பத்துக் கிலோப் பிள்ளை எனக்கு ஒரு லோடா?"

வலது காலில் கட்டோடு வந்து பாயில் இறக்கி வைக்கப்பட்ட அரை மணி நேரத்தில் செல்லப்பாண்டி சொன்ன வார்த்தை இது. சொல்லிவிட்டு மீசையையும் ஒரு தடவை தடவிக்கொண்டான். வலது கையில் கட்டோடு அவன் பெண்டாட்டி தங்கமாரி எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அழகுத்தாய்தான் பதில் சொன்னாள்.

"லோடு வச்ச இடத்துல இருக்கும் கொழுந்தனாரே. இது இருக்காது."

அந்த லோடு அப்போது அடுக்களையில் அரிசிப் பானைக்குள் செருப்பை ஊறப் போட்டுக்கொண்டிருந்தது. பெயர் முனீஸ்வரன். வயது ஒன்றே முக்கால். எல்லைச்சாமி பெயரை வைத்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று வைத்தார்கள். பிள்ளைக்கு வந்தது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் போய்விட்டது.

விழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். வீரசோழன் ஊரில் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். பிள்ளையை அழகுத்தாயிடம் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் போய், பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருச்சுழி தாண்டி இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஒரு மயில் ரோட்டைக் கடந்தது. பதினாலு சக்கர லாரியை மலைப்பாதையில் வெற்றிலை போட்டுக்கொண்டே இறக்குகிறவன், இரண்டு சக்கரத்தில் ஒரு மயிலுக்கு வழிவிடத் தெரியாமல் ஓடைப் பக்கம் சாய்ந்தான். மயில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகப் போயிற்று.

"லாரி மோதிருச்சுன்னு சொல்லுங்க. மயிலுன்னு வெளிய சொல்லாதீக" என்றாள் அழகுத்தாய். "உங்க முதலாளி கேட்டா லாரிச் சாவியப் பிடுங்கிருவாரு."

படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் எலும்பில் விரிசல். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே. அவளுக்கு மணிக்கட்டில். கட்டுக் கட்டியவர் திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் நல்லகண்ணு வைத்தியர். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்த மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து, துணியைச் சுற்றி இறுக்குவார். எட்டு நாளைக்கு ஒரு தடவை அவிழ்த்து மறுகட்டு. நாலைந்து கட்டில் எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்றார். அதுவரை அவன் காலை ஊன்றக் கூடாது. அவள் கையால் எதையும் தூக்கக் கூடாது.

ஆக, பாளையம்பட்டியின் அந்த லைன் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கை, மூன்று கால். ஓட முடிந்தவளால் தூக்க முடியாது. தூக்க முடிந்தவனால் ஓட முடியாது. இரண்டும் முடிந்தவன் ஒருவன்தான். அவன் ஒருத்தர் பேச்சையும் கேட்க மாட்டான்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். பிரெட்டும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார்கள். "இருந்து பாத்துக்கிறோம், கவலைப்படாதீக" என்றார்கள். முனீசு அவர்களில் ஒருத்தியுடைய போனை எடுத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டான். நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள்.

முதல் நாள் செல்லப்பாண்டி பிள்ளையைப் பார்த்துக்கொண்டது சரியாகப் பதினோரு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடம் அவனுடைய ஊன்றுகம்பைக் காணவில்லை. கம்பைத் தேட எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கக் கம்பு வேண்டும்.

"மாரீ! கம்பைக் காணோம்!"

"பிள்ளை எங்க?"

"அவனையும் காணோம்!"

தங்கமாரி ஓடிப் போய்ப் பார்த்தாள். வாசல் இரும்புக் கேட்டுக்கு முன்னால் முனீசு நின்றுகொண்டிருந்தான். கேட்டின் கொண்டி அவன் கைக்கு எட்டாத உயரம். அதனால் அப்பனுடைய கம்பை இழுத்துக்கொண்டு போய், இரண்டு கையாலும் தூக்கி, கொண்டியைக் கீழிருந்து குத்திக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு குத்துக் குத்தியிருந்தால் திறந்திருக்கும்.

'கைக்கு எட்டாதது கம்புக்கு எட்டும் என்று இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?' என்று நினைத்தான் செல்லப்பாண்டி. அவன் கிளீனராக இருந்தபோது அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமும் நிறைய வசவும் தேவைப்பட்டன.

மறுநாள் வேறு வழி செய்தான். ஒரு நீளத் துண்டை எடுத்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினான். சாதாரணக் கட்டு அல்ல. லாரியில் படுதாவுக்குப் போடும் கட்டு. இழுக்க இழுக்க இறுகும்.

"இப்ப ஓடச் சொல்லு பாப்போம்" என்று சுவரில் சாய்ந்தான். கண் லேசாகச் சொருகியது. விழித்துப் பார்த்தபோது துண்டு இருந்தது. முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் டவுசர் இருந்தது. முனீசு இல்லை.

"லோடு இறங்கிருச்சு, படுதா மட்டும் நிக்குது" என்றாள் அழகுத்தாய், அம்மணமாக ஓடிவந்தவனைத் தன் வாசலில் பிடித்துக்கொண்டு வந்து.

அதற்குப் பிறகு செல்லப்பாண்டி பீவண்டிக் கதை பேசவில்லை. வெங்காயம் உரித்தான். உட்கார்ந்தபடியே பாத்திரம் கழுவினான். தங்கமாரிக்குத் தலை பின்னிவிட்டான். பின்னி முடித்துக் கயிறு போல முறுக்கி ஒரு இழு இழுத்தான் பாருங்கள், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் தலைய குஜராத்துக்கா அனுப்பப் போறீக?"

"அவுரக் கூடாதுல்ல."

"அவுராது. முடியே கையோட வந்துருச்சு."

பிள்ளையைக் குளிப்பாட்டுவதுதான் பெரிய வேலை. தங்கமாரி துரத்தித் துரத்திச் சந்துக்குள் ஒதுக்குவாள். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் செல்லப்பாண்டி ஒரு கையால் பிடித்து ஒரு கையால் ஊற்றுவான். கட்டு நனையாமல் இருக்க அவன் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அவள் கைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. முடிவில் மூன்று பேருமே குளித்திருப்பார்கள். அதில் குறைவாக நனைந்தவன் முனீசுதான்.

பாயில் கிடந்ததில் ஒரு வசதி இருந்தது. பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்து உலகத்தைப் பார்க்க முடிந்தது. ஒரு டம்ளரையும் அதன் மூடியையும் வைத்துக்கொண்டு முனீசு அரை மணி நேரம் மூடினான், திறந்தான், மூடினான், திறந்தான். ஒவ்வொரு தடவையும் உள்ளே என்னவோ புதிதாக இருப்பது போல எட்டிப் பார்த்தான். எறும்பு வரிசையில் சேர்ந்துகொண்டு அது போகும் வழியெல்லாம் தவழ்ந்து போனான். ஒரு நாள் முழுக்க அவன் எத்தனை தடவை விழுகிறான் என்று செல்லப்பாண்டி எண்ணினான். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று தடவையும் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, நடந்தான். ஒரே ஒரு தடவை விழுந்துவிட்டு வாரக் கணக்கில் படுத்துக் கிடக்கும் தன்னை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏ மாரி, இவன் தினமும் இப்படித்தானா?"

"இல்ல. இன்னைக்குக் கொஞ்சம் சும்மா இருக்கான்."

"நான் வண்டில இருக்கயில ஒத்தையாவா பாத்த?"

தங்கமாரி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இல்ல. அந்த மயிலு வந்து பாத்துக்கிருச்சு."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் டவுனில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். அறுந்த நூலை அவள் வேகத்துக்கு ஒட்டுகிறவர்கள் அங்கே யாருமில்லை என்பார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் திரும்பப் போகிறேன் என்றாள். "பிள்ளைய யாரு பாக்க?" என்று ஒரே கேள்வி கேட்டான் செல்லப்பாண்டி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவன் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். அந்த நாலு நாளும் அவனுக்கு ஒரு தண்டனை. அப்பன் முகம் மறந்துவிடக் கூடாது என்று தங்கமாரி போனில் அவன் படத்தைத் தினமும் காட்டுவாள். முனீசு போனுக்கு முத்தம் கொடுப்பான். அந்தப் படத்துக்கு உரியவன் தாடியும் டீசல் வாசமுமாக வாசலில் வந்து நின்றால், பிள்ளை பிடிக்கிறவனைக் கண்டது போல அலறுவான். இரண்டு நாள் அம்மா சேலைக்குப் பின்னால் இருந்து பார்ப்பான். மூன்றாம் நாள் கிட்டே வருவான். நாலாம் நாள் கையை நீட்டுவான். நீட்டிய கையைப் பிடிக்கும்போது லோடு ரெடி என்று போன் வந்துவிடும். அடுத்த மாதம் மறுபடி முதலில் இருந்து. இதைச் செல்லப்பாண்டி யாரிடமும் சொன்னதில்லை. டிரைவர்மார் கூடுகிற இடத்தில் சொல்லுகிற விஷயமா இது?

இப்போது கட்டுப் போட்ட மூன்றாவது வாரத்தில், மத்தியானச் சோறு தின்றதும் முனீசு தானாக வந்து அவன் நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டான். வாய் திறந்து, எச்சில் வடிந்து, அப்படியே தூங்கினான். செல்லப்பாண்டிக்கு மூக்கு அரித்தது. சொறியவில்லை. கொசு கடித்தது. அடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டான்.

இருபத்திரண்டாவது நாள் காலையில் அடுக்களையில் இருந்து தங்கமாரி அலறினாள்.

"ஏங்க! பிள்ளை நடக்குறதப் பாருங்க!"

முனீசு வாசலில் இருந்து வந்துகொண்டிருந்தான். இடது காலை ஊன்றினான். வலது காலை இழுத்தான். மறுபடி ஊன்றினான். இழுத்தான்.

"எங்க விழுந்தான்? நீங்கதான பாத்துக்கிட்டு இருந்தீக?"

"நாப்பது தடவை விழுறான். எதைன்னு சொல்ல?"

அழகுத்தாய் வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "ஒரே வீட்டுல மூணு பேரா! நான் அன்னைக்கே நினைச்சேன். அந்த மயிலு சும்மா போகல."

உடனே ஒரு ஆட்டோ. உள்ளே ஒரு கைக்கட்டு, ஒரு கால்கட்டு, நடுவில் ஆட்டோ ஹாரனை அடிக்க எம்பிக்கொண்டிருந்த முனீசு. நல்லகண்ணு வைத்தியர் பிள்ளையை மடியில் போட்டு இடுப்பில் இருந்து கட்டைவிரல் வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். முனீசு கெக்கெக்கே என்று சிரித்தான். அவர் கண்ணாடியைப் பறித்தான். தங்கமாரி மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

"எலும்புல ஒண்ணுமில்லத்தா" என்றார் வைத்தியர். யோசித்தார். "பாண்டி, நீ கம்ப ஊன்றி அந்த வேம்பு வரைக்கும் போயிட்டு வா."

"எனக்கென்ன வைத்தியரே, பிள்ளையப் பாருங்க."

"போயிட்டு வாங்குறேன்ல."

செல்லப்பாண்டி போனான். அவனுக்குப் பின்னாலேயே முனீசு போனான். அப்பன் இடது காலை ஊன்றினான், மகன் ஊன்றினான். அப்பன் வலது காலை இழுத்தான், மகன் இழுத்தான். மூன்று எட்டுக்கு ஒரு தடவை அப்பன் நின்று இடுப்பைப் பிடித்து "ஸ்ஸ்ஸ்" என்றான். பின்னால் இருந்து ஒரு சின்ன "ஸ்ஸ்ஸ்" கேட்டது.

மறுகட்டுக்காகக் காத்திருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்தது. விலாவில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்.

"நாப்பது வருசமாக் கட்டுறேன்" என்றார் வைத்தியர். "கட்டே இல்லாம நொண்டுறவன இப்பத்தான் பாக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபடியே நின்றான். மீசையில்லை, கம்பில்லை, மற்றபடி தானே தனக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது. தன்னைக் கண்டாலே அலறிய பிள்ளை, தன் வலியைக்கூட ஒன்று விடாமல் எடுத்து வைத்திருக்கிறான்.

தங்கமாரிக்கு நாலாவது தடவை போனபோதே கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அவனுக்கு எட்டு நாள் கழித்து ஐந்தாவது தடவை. அன்று காலையில்தான் முதலாளி ராஜபாண்டி போன் பண்ணியிருந்தார். "ஏலே பாண்டி, இன்னைக்குக் கட்டு அவுக்குறாகளாம்ல? லோடு கட்டி நிக்குது. பீவண்டி போயிட்டு, அங்கயிருந்து அப்படியே குஜராத்து. திரும்ப இருபத்தஞ்சு நாளாகும். வந்துரு."

வைத்தியர் தப்பையை எடுத்துவிட்டு அமுக்கிப் பார்த்தார். "ஒட்டிக்கிச்சு. நாலு நாள் நடந்து பழகு. அப்புறம் வண்டி எடு."

இந்த வார்த்தையைக் கேட்டால் ஊரில் எல்லோரும் தேங்காய் உடைப்பார்கள். செல்லப்பாண்டி முகம் சுருங்கிப் போயிற்று. தங்கமாரி பிள்ளையோடு வெளியே வேம்படியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"வைத்தியரே, இன்னொரு கட்டுப் போட்டுவிடுங்க."

"எதுக்கு?"

"ஒரு உறுதிக்கு."

"எலும்பு என்னையவிட உறுதியா இருக்கு."

"பத்து வேணாம், தப்பை வேணாம். சும்மா துணி மட்டும். எட்டு நாளைக்கு."

"கட்ட அவுத்துவிடுங்கன்னு அழுகுறவுகளப் பாத்திருக்கேன். கட்டுங்கன்னு அழுகுறவன் நீ ஒருத்தன்தான்."

வைத்தியர் அவன் தலைக்கு மேலே வாசல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, பேசாமல் துணியை எடுத்துச் சுற்றினார்.

அடுத்த எட்டு நாளைப் போல ஒரு எட்டு நாள் செல்லப்பாண்டி வாழ்க்கையில் வந்ததில்லை. கை சரியான தங்கமாரிக்கு வெளியே தினமும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. அதுதான் அவனுடைய அதிர்ஷ்டம்.

"ரேஷன் கடைக்குப் போயிட்டு வாரேன். அரை மணி நேரம் பாத்துக்கிருவீகளா?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டு..." என்று முனகினான். கேட்டு டணார் என்று சாத்திய சத்தம் கேட்டதும் எழுந்தான். இரண்டு காலில்! முனீசு வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தான். இத்தனை உயரமா இந்த ஆள்! பிறகு கை கொட்டினான். அப்பனும் மகனும் வீட்டைச் சுற்றி ஓடினார்கள். அழகுத்தாய் வீட்டுக் கோழியைத் துரத்தினார்கள். தோளில் ஏற்றித் தண்ணீர் டேங்கைக் காட்டினான். கேட்டுக் கொண்டி சத்தம் கேட்டதும் மூன்றே எட்டில் பாய்ந்து பாயில் விழுந்து, தலையணையை வலது காலுக்குக் கீழே சொருகி, "அய்யய்யோ... ம்மா" என்றான்.

மறுநாள் ஆதார் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம் போனாள். அதற்கு மறுநாள் பேங்கு, இரண்டு மணி நேரம். பிறகு சித்தி வீட்டு விசேஷம், அரை நாள். அதற்குள் அவனுக்குப் பிள்ளை வேலை எல்லாம் கை வந்துவிட்டது. பருப்புச் சோறு பிசைந்தான். காக்கையைக் காட்டி ஊட்டினான். கழுவிவிட்டான். துரத்தினான். தூங்க வைத்தான். அவனே பிடித்து, அவனே ஊற்றி, ஒற்றை ஆளாகக் குளிப்பாட்டினான். ஒரு நாள் முனீசு அழத் தொடங்கியதுமே, இது பசி அழுகை, இது தூக்க அழுகை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அன்று அவன் அடைந்த ஆச்சரியத்துக்கு அளவே இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு அழகுத்தாய். எந்த நேரம் பார்த்தாலும் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டே பேர். இத்தனை துணியா என்று அவன் நினைத்தான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

எட்டாவது நாள் சாயங்காலம். மறுநாள் துணியை அவிழ்க்க வேண்டும். செல்லப்பாண்டி பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தங்கமாரி எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முனீசு ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அழகுத்தாய் கேட்டைத் திறந்தாள். கொண்டி டணார் என்றது.

முனீசு கரண்டியைப் போட்டான். மூன்றே எட்டில் ஓடினான். நேரான ஓட்டம், நொண்டலே இல்லை. பாயில் பொத்தென்று விழுந்தான். தலையணையை இழுத்தான். வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். கண்ணைச் சொருகினான்.

"ய்யய்யோ... ம்மா."

செல்லப்பாண்டி கையில் இருந்த பூண்டுப் பல் தானாகக் கீழே விழுந்தது. பிள்ளையைக் கும்பிடுவதா, அடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு இழை பிசகவில்லை. கடைசியில் அப்பன் விடும் பெருமூச்சைக்கூட விட்டான்.

தங்கமாரி கீரையைக் கீழே வைத்தாள். "ஏங்க, இவனுக்கு எப்ப இருந்து வலி?"

"எனக்கு என்ன தெரியும்?"

"எட்டு நாளா மாரி" என்றாள் வாசலில் நின்ற அழகுத்தாய். "வேளைக்கு ஒரு தடவ மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒரே துணிய எத்தனை தடவதான் நனைச்சு நனைச்சுக் காயப் போட? எந்திரிங்க கொழுந்தனாரே. என் கோழியத் துரத்துறப்ப நல்லாத்தான ஓடுனீக?"

செல்லப்பாண்டி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும் காலும் இல்லை, படுக்கும் மானமும் இல்லை. நடுவில் கிடந்தான்.

"வண்டி எடுக்கப் பயமா?" என்றாள் தங்கமாரி.

"பயமா? எனக்கா?"

"சோம்பேறித்தனமா?"

"நானா சோம்பேறி? பாத்திரம் கழுவுனது யாரு?"

"அப்ப என்னதான்? சொல்லுங்க."

அவன் முனீசைப் பார்த்தான். முனீசு ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி எழுந்திருக்கலாமா என்று உத்தரவு கேட்பது போல.

"இருபத்தஞ்சு நாள் போயிட்டு வந்தா இவன் என்னைப் பாத்துத் திரும்ப அழுவான்டி" என்றான் செல்லப்பாண்டி. "எனக்கு அதத் தாங்க முடியாது."

அழகுத்தாய் வாய் ஓயாதவள். அவள்கூடச் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள். "இதைச் சொல்ல எட்டு நாள் துணி சுத்தணுமா? வாய்க்குக் கட்டுப் போட்டிருந்தாகளா?"

தங்கமாரி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கெஞ்சுனப்ப நான் வாசல்லதான நின்னேன். வைத்தியர் என் மூஞ்சியத்தான் பாத்தாரு. கட்டிவிடுங்கன்னு நான்தான் தலைய ஆட்டுனேன்."

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா ரோசத்துல மறுநாளே லாரி ஏறிருப்பீக."

செல்லப்பாண்டி ஒவ்வொரு விரலாக மடக்கினான். "அப்ப ரேஷன் கடை?"

"மொத நாளு மட்டும் ரேஷன் கடை."

"ஆதாரு?"

"மில்லு ஆபீசு."

"பேங்கு?"

"கை நல்லாருக்கான்னு மில்லுல பாத்தாக."

"அரை நாளு உன் சித்தி வீட்டு விசேசம்?"

"மிசின்ல நின்னு பாத்தேன். எனக்குச் சித்தியே கிடையாது. கட்டி ஆறு வருசமாச்சு, இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். முனீசின் டம்ளர் மூடி போல.

"பிள்ளைய யாரு பாக்கன்னு கேட்டீகள்ல?" என்றாள் தங்கமாரி. "யாருன்னு பாக்கத்தான் எட்டு நாளு. அரை மணியில ஆரம்பிச்சு அரை நாளு வரைக்கும் விட்டுப் பாத்தேன். அழகுத்தாய் அக்கா தினமும் சொன்னாக. சோறு ஊட்டுறாரு, கழுவிவிடுறாரு, கோவம் வந்தா பத்து எண்ணுறாருன்னு. நீங்க பாஸாயிட்டீக."

"அப்ப என் வண்டி?"

"ராஜபாண்டி அண்ணன்கிட்டப் பேசிட்டேன். எனக்குக் காலை ஷிப்டு. ரெண்டரைக்கு வந்துருவேன். மூணு மணிக்கு நீங்க அவுக சின்ன வண்டில விருதுநகருக்கு நூல் லோடு கொண்டுபோய் இறக்கணும். பொழுது அடைய வீட்டுக்கு வந்துரலாம். தினமும் பிள்ளை முகத்துல முழிக்கலாம்."

"பதினாலு சக்கரம் ஓட்டுனவன் நாலு சக்கரமா?"

"மயிலுக்கு விழுந்தது ரெண்டு சக்கரம். அதுக்கு இது மேலு" என்றாள் அழகுத்தாய்.

செல்லப்பாண்டி கோபப்பட வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தான். வரவில்லை. ஆறு வருடமாக எதிரே உட்கார்ந்து கீரை உருவுகிற இவளை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. இருபது டன் லோடைக் கயிறு அவிழாமல் கொண்டுபோகிறவன் அவன். அவள் அவனையே கட்டி, எட்டு நாள் ஓட்டி, சொன்ன இடத்தில் சேதாரம் இல்லாமல் இறக்கியிருக்கிறாள். கயிறு எங்கே இருந்தது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு மில் வேன் தெருமுனையில் வந்து நின்றது. தங்கமாரி இறுக்கிப் பின்னிய தலையும் சாப்பாட்டுத் தூக்குமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முனீசு அழுவான் என்று அவள் சேலை முந்தியைத் தயாராகக் கையில் பிடித்திருந்தாள். அவன் அழவில்லை. அப்பன் இடுப்பில் உட்கார்ந்து, ஒரு கையால் அப்பன் மீசையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டினான். முந்தியை அவள்தான் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

செல்லப்பாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியா? நீ நிம்மதியாப் போயிட்டு வா. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

வேன் உறுமியது. தங்கமாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏங்க, இப்பக் காலு வலிக்குதா?"

"துளிகூட இல்லடி."

"அவன் பின்னால ஓடுங்க, சாயங்காலம் வலிக்கும்" என்றாள்.